மரக்கன்றைச் சுற்றி ஒரு மீட்டர்

ஒரே நாற்றங்காலில் வளர்ந்த இரண்டு தேக்கங்கன்றுகளை எடுத்துக்கொள்வோம். ஒரே நாளில், ஒரே அளவுக் குழியில், ஒரே எருவோடு இரண்டையும் நடுகிறோம். ஒன்றைச் சுற்றி முளைக்கும் புல்லை அவ்வப்போது வேரோடு எடுத்துவிடுகிறோம். மற்றதைப் புல்லோடு விட்டுவிடுகிறோம். இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் முதல் கன்று ஆளுயரத்தைத் தாண்டியிருக்கும். இரண்டாவது முழங்கால் உயரத்தில் மஞ்சளித்து நிற்கும். பல நேரம் அது நின்ற இடம்கூடத் தெரியாது. முப்பது மீட்டர் உயரம் வளரக்கூடிய மரத்தை முழங்கால் உயரப் புல் அடக்கிவிடுகிறது.

இது எப்படி முடிகிறது? புல்லுக்கு மரத்தின் உயரம் இல்லை, வைரம் பாய்ந்த தண்டு இல்லை, நூறாண்டு ஆயுளும் இல்லை. ஆனாலும் காட்டு மரம் ஒன்று பிழைக்குமா என்பதை முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிவு செய்வது பெரும்பாலும் அதன் காலடிப் புல்தான். அந்தப் போட்டியின் பெரும்பகுதி நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில், மேல்மண்ணின் முதல் ஓரடி ஆழத்துக்குள் நடக்கிறது.

பெட்டிக்குள் 623 கிலோமீட்டர்

ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1937-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கோதுமைக்கு உறவான ரை என்னும் தானியப் புல்லை அவர் ஒரு பெட்டியில் ஒற்றைச் செடியாக வளர்த்திருந்தார். பெட்டியின் நீளமும் அகலமும் ஓரடி, ஆழம் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு மாதம் கழித்து மண்ணைக் கழுவி நீக்கி, வேர்களை அளந்து கணக்கிட்டார். மொத்தம் 1 கோடியே 38 லட்சம் வேர்கள். ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் 623 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை வந்துவிடும். அதாவது சராசரியாக நாளொன்றுக்கு 5 கிலோமீட்டர் புதுவேர். அந்த வேர்கள் மீது முளைத்திருந்த வேர்த்தூவிகள் தனிக்கணக்கு. அவை 1,400 கோடி. அவற்றின் மொத்த நீளம் சுமார் 10,600 கிலோமீட்டர், பூமியின் விட்டத்தில் ஆறில் ஐந்து பங்கு.

அந்தச் செடி போட்டியே இல்லாமல் தனியாக வளர்ந்தது. வெளியில், பக்கத்துத் தூர்களோடு நெருங்கி வளரும் புல்லுக்கு இவ்வளவு இடம் கிடைக்காது. ஆனால் புல்லின் போக்கு என்ன என்பதை இந்த அளவு தெளிவாகக் காட்டுகிறது. புல்லுக்கு ஆணிவேர் கிடையாது. தண்டின் அடியிலிருந்து கொத்துக்கொத்தாகக் கிளம்பும் சல்லிவேர்கள் மேல்மண்ணை இழை இழையாக நிரப்பிவிடுகின்றன. வேர் மெல்லியது என்பதால் அதை உருவாக்கச் செலவும் குறைவு. ஒரு கன்று ஒரு தடித்த வேரை இறக்குவதற்கு ஆகும் மாவுப்பொருளில் புல் நூற்றுக்கணக்கான நூல்வேர்களை ஓட்டிவிடும்.

இப்போது கோடையில் ஒரு சிறுமழை பெய்வதாக வைத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டர் மழை மண்ணில் சில சென்டிமீட்டர்தான் இறங்கும். அந்த ஆழத்தில் புல்வேர்தான் நிறைந்திருக்கிறது. நீர் கீழே கசிவதற்கு முன்பே உறிஞ்சப்பட்டுவிடும். கன்றின் வேர் ஒரு கையளவு தள்ளி இருந்தாலும் அதற்கு மழை பெய்யாத மாதிரிதான்.

மரமும் புல்லும் எப்படி ஒரே நிலத்தில் சேர்ந்து வாழ்கின்றன என்று ஜெர்மானியச் சூழலியலாளர் ஹைன்ரிக் வால்டர் ஒரு விளக்கம் தந்தார். புல் மேல்மண் நீரை எடுத்துக்கொள்கிறது. மரம் ஆழத்து நீரை எடுத்துக்கொள்கிறது. ஆகவே மோதல் குறைகிறது. வளர்ந்த மரத்துக்கு இது ஓரளவு பொருந்தும். அமேசான் காட்டு மரங்களின் வேர்கள் எட்டு மீட்டருக்கும் கீழே இறங்கி, வறண்ட மாதங்களிலும் இலையைப் பசுமையாக வைத்திருப்பதை டேனியல் நெப்ஸ்டாடும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல் காட்டினார்கள். ஆனால் முளைத்து ஆறு மாதமே ஆன கன்றுக்கு ஆழத்து நீரோடு தொடர்பே இல்லை. புல் நிறைந்த அதே மண்ணடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் அது கீழே போயாக வேண்டும். மேல்மண் காய்வதற்குள் வேர்நுனி ஈரமண்ணைத் தொட்டுவிட்டால் கன்று பிழைத்தது. கன்றின் முதல் ஆண்டு முழுவதும் ஆழத்தை நோக்கிய ஓட்டம்தான்.

கரும்பும் தர்ப்பையும் அறிந்த வித்தை

வெப்பநாட்டுப் புற்களுக்கு இலைக்குள்ளும் ஒரு கூடுதல் வசதி உண்டு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தாவரங்களில் ருபிஸ்கோ என்ற நொதி செய்கிறது. இந்த நொதிக்கு ஒரு குறை: கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் சில நேரம் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். வெயில் ஏற ஏறத் தவறு கூடும். பெரும்பாலான மரங்கள் இந்த இழப்பைச் சகித்துக்கொண்டு வாழ்கின்றன.

கரும்பு, சோளம், மக்காச்சோளம், அருகம்புல், தர்ப்பை ஆகியவை அப்படி விடுவதில்லை. இலையின் வெளிச்செல்கள் கார்பன் டை ஆக்சைடை முதலில் நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட அமிலமாக மாற்றி, நரம்பைச் சுற்றியுள்ள உட்செல்களுக்கு அனுப்புகின்றன. அங்கே அது மறுபடி கார்பன் டை ஆக்சைடாக விடுவிக்கப்பட்டு, ருபிஸ்கோவைச் சுற்றி அடர்த்தியாகச் சேர்கிறது. தவறு நடக்க இடம் மிகக் குறைவு. இதற்கு சி-4 ஒளிச்சேர்க்கை என்று பெயர். ஆஸ்திரேலியாவில் கரும்பை ஆராய்ந்த ஹால் ஹாட்ச், ரோஜர் ஸ்லாக் இருவரும் 1966-இல் இதன் வழியை வெளியிட்டார்கள்.

இதனால் இலைத்துளைகளைக் கொஞ்சமாகத் திறந்தாலே சி-4 புல்லுக்குப் போதும். ஒரு கிராம் உடல் வளர்க்க அது செலவிடும் நீர், சாதாரணத் தாவரம் செலவிடுவதில் ஏறத்தாழ பாதிதான். அப்படியானால் பக்கத்துக் கன்றுக்கு மீதி நீர் கிடைக்க வேண்டுமே? கிடைப்பதில்லை. மிச்சம் பிடித்த நீரையும் புல் வளர்ச்சியிலேயே போடுகிறது. உச்சிவெயிலில் கன்று இலைத்துளையை மூடிக்கொண்டு காத்திருக்கும் வேளையிலும் புல் வளர்ந்துகொண்டிருக்கும்.

நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு துப்பறிதல்

புல் மரத்தைக் குன்றவைக்கிறது என்பதை முதலில் முறையாகச் சோதித்தவர்களில் இங்கிலாந்தின் ஸ்பென்சர் பிக்கரிங் என்ற வேதியியலாளர் ஒருவர். பெட்ஃபோர்ட் கோமகனோடு சேர்ந்து 1894-இல் அவர் வோபர்ன் பழப்பண்ணையைத் தொடங்கினார். அங்கே இளம் ஆப்பிள் மரங்களைச் சுற்றிப் புல் விதைத்தபோது மரங்கள் வளர்ச்சி குன்றின, இலைகள் வெளிறின. காரணம் நீர்ப்பற்றாக்குறையா, உரப்பற்றாக்குறையா என்று அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

அதில் ஒரு சோதனை மிக நுட்பமானது. தொட்டியில் மரம். தொட்டியின் மேல், அடியில் துளையிட்ட ஒரு தட்டு. தட்டில் மண்ணும் புல்லும். புல்வேர் மரவேரைத் தொட வழியில்லை. தட்டின் வழியே வடிந்த நீர் மட்டும் மரத்துக்குப் போனது. அப்போதும் மரம் குன்றியது. புல் ஏதோ நஞ்சைக் கசிய விடுகிறது என்று பிக்கரிங் முடிவு செய்தார். பின்வந்த ஆய்வுகள் நீருக்கும் தழைச்சத்துக்குமான போட்டியையே பெரிய காரணமாகக் கண்டன. புல்வேரின் ஊடாக இறங்கும் நீர் தன்னிடமிருந்த நைட்ரேட்டை மேலேயே பறிகொடுத்துவிடும். கீழே நிற்கும் மரத்துக்கு ஈரம் கிடைக்கும், சத்து கிடைக்காது. வெளிறிய இலை தழைச்சத்துப் பசியின் அடையாளம்தான்.

ஆனாலும் பிக்கரிங்கின் சந்தேகம் வீண்போகவில்லை. சில புற்கள் உண்மையிலேயே வேதிப்பொருளால் போரிடுகின்றன. நம் வயல்களில் விளையும் சோளமே அதற்குச் சான்று. அதன் வேர்த்தூவிகள் சோர்கோலியோன் என்ற எண்ணெய்ப் பொருளைக் கசியவிட்டு, அருகில் முளைக்கும் இளஞ்செடிகளின் ஒளிச்சேர்க்கையைத் தடுக்கின்றன. தர்ப்பை வகைகளில் ஒன்றான இம்பெரேட்டா புல் இன்னும் நேரடியானது. அதன் உடலில் பாதிக்கும் மேல் மண்ணுக்கடியில் படரும் மட்டத்தண்டாக இருக்கிறது. அந்தத் தண்டின் நுனி ஊசியாகக் கூர்ந்தது. வழியில் இன்னொரு செடியின் வேர் குறுக்கிட்டால் அதையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும்.

நிழல் விழும் முன்பே தெரியும்

மண்ணுக்கு மேலேயும் போட்டி நடக்கிறது. இங்கே கன்றின் சாமர்த்தியம் நம்மை வியக்கவைக்கும். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அதற்கடுத்த, நம் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அருகில் புல் இருந்தால் அதிலிருந்து தெறிக்கும் ஒளியில் தொலைசிவப்பின் பங்கு கூடுகிறது. கன்றின் தண்டிலும் இலையிலும் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் இந்த விகிதத்தை அளந்துகொண்டே இருக்கிறது. நிழல் விழுவதற்கு முன்பே, பக்கத்தில் போட்டி இருக்கிறது என்று செடிக்குத் தெரிந்துவிடும் என்பதை அர்ஜென்டினாவின் கார்லோஸ் பயாரேயும் சக ஆய்வாளர்களும் 1990-இல் காட்டினார்கள்.

செய்தி கிடைத்ததும் தண்டு நீள்கிறது. காட்டில் ஒரு சிறு செடிக்கூட்டத்துக்கு நடுவே முளைத்தால் இந்த உத்தி வெற்றி தரும். அடர்ந்த புல்லுக்குள் அதுவே ஆபத்தாகிவிடுகிறது. வேருக்குப் போக வேண்டிய மாவுப்பொருள் தண்டுக்குப் போகிறது. நீருக்கான போட்டியில் வேர்தான் வேண்டும்; ஒளிக்கான போட்டியில் தண்டுதான் வேண்டும். கையிலிருக்கும் சிறு சேமிப்பை எதில் போடுவது என்ற கேள்விக்குக் கன்று அன்றாடம் விடை தேடுகிறது.

சில மரங்களுக்கு இன்னொரு குறையும் சேர்ந்துகொள்கிறது. பைன், ஓக் போன்றவை தம் வேர்களைப் போர்த்தி வளரும் ஒருவகைப் பூஞ்சைகளின் துணையில்லாமல் சத்தை எடுக்க முடியாதவை. புற்கள் கூட்டு வைப்பது வேறுவகைப் பூஞ்சைகளோடு. நெடுங்காலம் புல் மட்டுமே இருந்த மண்ணில் மரத்துக்கு வேண்டிய கூட்டாளி இருப்பதில்லை. தென்கோளத்தில் புதிதாகப் பைன் நட்டவர்கள் தொடக்கத்தில் தோற்று, பைன்காட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகே வென்றது இதனால்தான்.

நெருப்பைக் கூட்டாளியாக்கிய தாவரம்

புல்லின் மிகப்பெரிய ஆயுதம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. மரம் நுனியில் வளர்கிறது. நுனியைக் கருக்கினால் அந்த ஆண்டின் உழைப்பு போயிற்று. புல் அடியில் வளர்கிறது. வளரும் திசு மண்ணை ஒட்டி, பழைய இலையுறைகளுக்குள் பத்திரமாக இருக்கிறது. மாடு மேய்ந்தாலும் தீ எரித்தாலும் போவது பழைய இலைதான். வறண்ட மாதங்களில் காய்ந்த புல் பற்றிக்கொண்டால் தீ சில நிமிடங்களில் கடந்துவிடும். மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே வெப்பம் பெரிதாக ஏறாது. அடுத்த மழைக்குப் புல் முன்னைவிடப் பசுமையாகத் துளிர்க்கும். கன்று தரைமட்டத்துக்குக் கருகியிருக்கும்.

ஆனால் கன்று அத்தோடு தோற்றுப்போவதில்லை. வட, நடு இந்தியக் காடுகளின் சால மரம் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி அபாரமானது. அதன் நாற்றின் தண்டு ஆண்டுதோறும் தரைவரை பட்டுப்போகும். வேர் சாவதில்லை. அடுத்த மழைக்குப் புதுத்தண்டு விடும்; அந்தத் தண்டின் இலைகள் சேர்த்த உணவை வேர் வாங்கி வைத்துக்கொள்ளும்; தண்டு மறுபடி பட்டுவிடும். பல ஆண்டுகள் இப்படியே போகும். பார்ப்பவர்களுக்கு அது சென்ற மழைக்கு முளைத்த நாற்றாகத் தெரியும். அடியிலோ கனத்த வேர் சேமிப்போடு காத்திருக்கும். போதுமான இருப்பு சேர்ந்த ஓராண்டில் தண்டு ஒரே மூச்சில் புல்லைத் தாண்டி உயர்ந்துவிடும். இந்திய மரங்களை விரிவாக ஆராய்ந்து 1921-இல் பெருநூல் வெளியிட்ட ஆர். எஸ். ட்ரூப் இந்தப் பட்டுத் துளிர்க்கும் வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் இதே கதைதான். அங்கே கன்று தப்பிக்கப் புல்தீயின் நாக்கு எட்டாத உயரத்துக்கு, பெரும்பாலும் மூன்று நான்கு மீட்டருக்கு, இரண்டு தீக்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வளர்ந்துவிட வேண்டும். வளரும் வேகம் கொஞ்சம் கூடினாலும் பந்தயத்தின் முடிவு மாறிவிடும். அந்த வேகத்தை நாமே இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறோம். பனியூழிக் காலத்தில் காற்றில் பத்து லட்சத்துக்கு 180 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, தொழிற்புரட்சிக்கு முன் 280 ஆகி, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அங்குள்ள முள்மரக் கன்றுகளை வெவ்வேறு அளவுகளில் வளர்த்துப் பார்த்தார்கள். பனியூழிக் காற்றில் வளர்ந்தவற்றின் வேர்ச் சேமிப்பு மிகச் சிறியது. இன்றைய காற்றில் அது பலமடங்கு பெரிது. தீக்குப் பின் மீண்டெழும் பலம் கன்றுகளுக்குக் கூடியிருக்கிறது.

மரம் புல்லைத் தாண்டிவிட்டால் போட்டி முடிந்ததா? கென்யாவின் லைகிபியா பகுதியில் கொரின்னா ரிஜினோஸ் புல்லை அகற்றிப் பார்த்தார். இளங்கன்றுகள் மட்டுமல்ல, வளர்ந்த முள்மரங்களும் வேகமெடுத்தன. 2009-இல் வெளியான இந்த முடிவு, புல்லின் பிடி நாம் நினைத்ததைவிட நீண்டது என்று காட்டியது. அந்தப் பிடி தளர்வது நிழலால்தான். சி-4 புற்கள் வெயிலுக்குப் பிறந்தவை. தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலே மூன்று சதுர மீட்டர் இலைப்பரப்பு சேரும்போது, புல் மெலிந்து, தீ பரவ விறகில்லாமல் போகிறது என்று பிரேசிலின் செராடோ நிலத்தை ஆராய்ந்தவர்கள் கணித்திருக்கிறார்கள். அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் பிறகு காடு தன்னைத்தானே காத்துக்கொள்ளும்.

பலகையும் ஆரஞ்சுத் தோலும்

அந்த எல்லைவரை கன்றுக்குக் கைகொடுப்பது எப்படி? முதலில் தோன்றும் வழி புல்லை வெட்டிவிடுவது. அதுதான் பலிக்காத வழி. பிரிட்டன் வனத்துறை ஆணையத்தின் ஆர். ஜே. டேவிஸ் 1987-இல் எழுதிய கையேட்டில் இதை அழுத்தமாகச் சொல்கிறார். புல்லின் வளரும் திசு அடியில் இருப்பதால் வெட்டு அதற்குக் காயமே இல்லை. முதிர்ந்து பூத்து ஓய வேண்டிய புல், மறுபடி மறுபடி இளந்தளிர் விட்டு முன்னைவிட அதிக நீரை இறைக்கிறது. பார்வைக்குச் சுத்தமான திடல். கன்றுக்கோ கூடுதல் வறட்சி. அதற்குப் பதில், கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை வேரோடு நீக்கிவிட்டால் போதும். நிலம் முழுவதையும் மொட்டையாக்கத் தேவையில்லை. நீக்கிய இடத்தில் நம் விவசாயிகள் மூடாக்கு என்று சொல்லும் தழையோ வைக்கோலோ பரப்பிவிட்டால் ஈரமும் காக்கப்படும், புல் முளைக்க ஒளியும் கிடைக்காது. தண்டை ஒட்டி மட்டும் சற்று இடைவெளி விட வேண்டும்.

பிலிப்பைன்ஸில் இம்பெரேட்டா புல் மூடிய மலைச்சரிவுகளில் இன்னும் எளிய கருவி ஒன்று பயன்படுகிறது: கயிறு கட்டிய ஒரு மரப்பலகை. அதைப் புல்மேல் வைத்துக் காலால் மிதித்து அழுத்திக்கொண்டே போகிறார்கள். வெட்டுப்பட்ட புல் உடனே துளிர்க்கும். மடிந்து படுத்த புல் அப்படிச் செய்வதில்லை. தன் அடித்தூரைத் தானே மூடி நிழலாக்கி மெல்ல வலுவிழக்கிறது. படுத்த புல்லில் தீயும் நின்று எரிவதில்லை. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு போஹோல் தீவில் இந்த முறையைக் கையாண்டபோது, புல்லுக்கடியில் ஏற்கெனவே ஒளிந்திருந்த இயற்கைக் கன்றுகள் எழுந்து வந்தன. பல இடங்களில் காட்டை நட வேண்டியதே இல்லை. அது அங்கேயே காத்திருக்கிறது.

கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்டே பகுதியில் நடந்தது வியப்பின் உச்சம். ஆப்பிரிக்காவிலிருந்து மேய்ச்சலுக்காகக் கொண்டுவரப்பட்ட ஜராகுவா புல் அங்கே ஆளுயரத்துக்கு வளர்ந்து, ஆண்டுதோறும் எரிந்து, காட்டைத் திரும்பவிடாமல் தடுத்தது. டேனியல் ஜான்சென், வினிஃப்ரெட் ஹால்வாக்ஸ் தம்பதியர் தீயைத் தடுப்பதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டு காட்டை மீட்கத் தொடங்கினார்கள். 1998-இல் அங்குள்ள மூன்று ஹெக்டேர் தரிசில், பழச்சாறு ஆலையிலிருந்து வந்த ஆரஞ்சுத் தோலும் சக்கையும் கொட்டப்பட்டன. ஆயிரம் லாரிகள், 12,000 டன். தடித்த தோற்படுகை புல்லை மூச்சடைத்துக் கொன்றது. அழுகிய தோல் மண்ணுக்கு உரமானது. பதினாறு ஆண்டுக்குப் பின் ஆய்வாளர்கள் போனபோது அந்த இடம் அடர்ந்த காடாகியிருந்தது. தரைக்கு மேலுள்ள மரத்திரள் பக்கத்து நிலத்தைவிட 176 விழுக்காடு அதிகம். அங்கே யாரும் ஒரு கன்றும் நடவில்லை.

புல் வெல்ல வேண்டிய இடம்

இவ்வளவையும் படித்தபின் புல்லை எதிரியாக நினைத்துவிடக் கூடாது. நீலகிரியின் உயரங்களில் பள்ளத்தாக்குகளில் சோலையும், சரிவுகளில் புல்வெளியும் அருகருகே இருக்கின்றன. காட்டை அழித்ததால் வந்த புல்வெளி அது என்று பலர் எண்ணியதுண்டு. ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அங்குள்ள சதுப்புக்கரியைத் தோண்டிப் பார்த்தார்கள். சி-4 புல் விட்டுச்சென்ற கார்பனும் மரம் விட்டுச்சென்ற கார்பனும் ஐசோடோப்பு விகிதத்தில் வேறுபடும். அதை வைத்து, அந்தப் புல்வெளிகள் இருபதாயிரம் ஆண்டுகளாகச் சோலையோடு ஏறியும் இறங்கியும் வாழ்ந்து வருவதை 1993-இல் நிறுவினார்கள். திறந்த சரிவில் குளிர்கால இரவின் உறைபனி சோலைமரக் கன்றுகளைக் கருக்கிவிடும், புல் தாங்கும். வரையாடு மேய்வதும் அந்தப் புல்லில்தான். அங்கே சீகையையும் தைலமரத்தையும் நட்டுப் பரப்பியது காட்டை வளர்த்த வேலை ஆகாது. தொன்மையான ஒரு வாழிடத்தை மூடிவிட்ட வேலை.

ஆகவே மரம் நடக் கிளம்பும் ஒவ்வொருவரும் குழி தோண்டும் முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்த நிலம் முன்பு காடாக இருந்ததா, இல்லை புல்வெளியாகவே இருந்ததா? புல்வெளி என்றால் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் இயற்கைக்குச் செய்யும் உதவி. காடு என்றால் அடுத்த கேள்வி: அடுத்த மூன்று ஆண்டு இந்த ஒரு மீட்டர் வட்டத்தை யார் காக்கப் போகிறார்கள்? பத்தாயிரம் கன்று நட்டோம் என்ற அறிவிப்பைவிட, ஆயிரம் கன்றைச் சுற்றி மூன்று மழைக்காலம் களையெடுத்தோம் என்ற கணக்குதான் காட்டை உருவாக்கும். நடும் நாளுக்குக் கூட்டம் சேர்வது எளிது. களைக்கொத்தியோடு திரும்பி வருபவர்களுக்கும் கூலியும் மதிப்பும் தரும் திட்டங்களே நமக்கு வேண்டும்.